படர்தாமரைக்கு ஜெல் உருவாக்கும் மருந்தியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே, வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் முதுகலை மாணவர்கள் பூஞ்சைத் தொற்றுக்கான ஜெல்லை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அரையிடுக்கில் படர்தாமரை வந்த கட்டடத் தொழிலாளிக்கும், நாள் முழுக்க அடுப்படியில் வியர்த்து நிற்பவருக்கும் பிசுபிசுக்கும் களிம்பைவிட, பூசியதும் உலரும் ஜெல்லே தோதானது. துணியில் ஒட்டாத மருந்தைத்தான் விடாமல் பூசுவார்கள்.

ஆனால் ஆய்வேடுகளில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஓரிரு நாளில் வளர்ந்துவிடும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையை ஆய்வகத் தட்டில் தடுத்துக் காட்டியதும் சோதனை முடிந்துவிடுகிறது. படர்தாமரைக்குக் காரணம் அதுவல்ல. பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் பூஞ்சைகள். அவை வளர வாரக்கணக்கில் ஆகும், உண்மைதான். ஆனால் இன்று இந்தியாவில் பரவிக் கிடப்பது, 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியின் மரபணு மாறிய அதன் வகைகள், அந்த நொதியைத் தாக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்தான டெர்பினாபினுக்கு மசிவதில்லை. கேண்டிடாவைத் தடுத்த ஜெல் இதனிடம் எடுபடுமா? ஆய்வேட்டில் பதில் இல்லை.

சவ்வு வழியே மருந்து கசிவதை அளக்கும் ஃபிரான்ஸ் கலத்தில் மருந்து எவ்வளவு கீழிறங்கியது என்று வரைபடம் போடுகிறீர்கள். இந்தப் பூஞ்சை குடியிருப்பதோ தோலின் மேலடுக்கிலுள்ள கெராட்டின் என்ற புரதத்தில். அங்கே மருந்து எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பதே எனக்கு வேண்டிய கணக்கு. ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போபாலைக் கூட்டிக் குறைத்து ஒன்பது கலவை செய்யும் உழைப்பில் பாதியை இதற்குக் கொடுங்கள். மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் ஆல்கஹால், சொறிந்து புண்ணான தோலில் எரியும். எரிந்தால் மறுநாளே டியூபை மூலையில் போட்டுவிட்டு, குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தேடிப் போவார்கள்.

அந்த ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். பூஞ்சையோ விரிந்துகொண்டே போகும். வட்டம் கலைந்து, விளிம்பு மங்கி, தொடைத் தோல் மெலிந்து வரிவரியாக வெடித்தவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை 2018இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டு தேவைப்படும் எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் சீட்டில்லாமல் வாங்கி வருபவர்கள் குறையவில்லை. அரிப்பு உடனே நிற்கட்டும் என்று உங்கள் ஜெல்லிலும் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

டிரைக்கோபைட்டானில் ஜெல்லைச் சோதிக்க, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையிடம் உதவி கேளுங்கள். அடுத்த அணி மாணவர்களின் தலைப்புகளுக்கு ஒப்புதல் தருமுன், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு எனக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். நோயாளிகளின் தோலில் சுரண்டி எடுத்த மாதிரிகளை அனுப்பிவைக்க நான் தயார்.

அன்புடன்,
ஒரு தோல் மருத்துவர்