வௌவால் வீட்டு விருந்து

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டிவலி கொஞ்சம் விட்டதால் இன்றுதான் உட்கார முடிந்தது. காதுகுத்தில் உன் பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார்ந்ததுமே ஊரைக் கூட்டிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். குரல் தாத்தாவிடமிருந்து வந்ததுதானே.

கத்தல் என்றதும் சொல்ல ஒன்று இருக்கிறது. குளக்கரை மருதமரமும் அதில் வௌவால்களும் அப்படியே இருக்கின்றன. நேற்று மத்தியானம் பங்குனி வெயிலுக்கு அங்கே ஒதுங்கினேன். ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தது. இன்னொன்று கிளையை நகத்தால் பற்றிப் பற்றி அதனிடம் நகர்ந்தது. முழ தூரம்தான் பாக்கி. விசிறிக்கொண்டிருந்த வௌவால் இறக்கையை விரித்து ஒரு கீச்சல் போட்டது. வந்த வௌவாலும் விடவில்லை. அப்புறம் அந்தக் கிளை முழுக்க ரகளை.

காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து வௌவால் வழி கண்டுபிடிக்கும் என்று எழுதி மார்க் வாங்கினோமே, நம் மரத்துப் பழந்தின்னி வௌவாலுக்கு அந்த வித்தையே கிடையாதாம். கண்ணும் மூக்கும்தான் அதற்கு. அப்படியானால் மரத்தில் கேட்கிற இத்தனை சத்தமும் பேச்சுதான்!

என்ன பேச்சு என்கிறாயா? டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் யோசி யோவெல் குழுவினர் 22 எகிப்தியப் பழ வௌவால்களைக் கூண்டில் விட்டு, 75 நாள் இரவு பகலாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சுமார் 15,000 கூச்சல்களைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசி 2016இல் வெளியிட்டார்கள். கத்துவது யார், எதற்காக, ஓரளவுக்கு யாரைப் பார்த்து என்பதுகூடத் தெரிந்ததாம். விஷயம் நாலே நாலு: சாப்பாடு, தூங்குகிற இடம், பெண்ணை விடாமல் தொந்தரவு செய்கிற ஆண், அப்புறம் ‘ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறாய்’. எல்லாமே சண்டை! ஹாஸ்டலில் ஃபேனுக்கு அடியில் யார் பாய் போடுவது என்று நாம் போட்ட கூச்சலைப் பதிவு செய்திருந்தால், இதில் மூன்று விஷயமாவது தேறியிருக்கும்.

‘வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு’ என்று எங்கள் அத்தை அடிக்கடி சொல்வார். பாவம், தொங்குகிற இடத்துக்குத்தான் அடிதடியே என்று அவருக்குத் தெரியாது.

நிஜமாகவே விருந்துக்கு அழைக்கிற வௌவாலும் இருக்கிறது. கோஸ்டாரிகாவில் குளோரியானா சவேரி என்பவர் வருஷக்கணக்காக அதன் பின்னால் அலைகிறார். நாலு கிராம் சொச்சம்தான் எடை. வாழைக் குருத்து மாதிரிச் சுருண்டிருக்கிற இலைக்குள் குடியிருக்கும். ஒரு நாள் போல ஆனதும் இலை விரிந்துவிடும். வேறு வீடு பார்க்க வேண்டும். அதனால் பறக்கிற வௌவால் ஒரு குரல் கொடுக்கும், இலைக்குள் இருக்கிற வௌவால் பதில் குரல் கொடுக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கூட்டாளிகள் வந்து சேர்வார்கள். இதிலும் சில ஆசாமிகள் உள்ளே இருந்துகொண்டே வாயைத் திறக்க மாட்டார்களாம். நம் வார்டன் ஞாபகம் வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இது தொங்குவதே இல்லை. கட்டைவிரலிலும் காலிலும் குட்டிக் குட்டி உறிஞ்சு வட்டுகள் உண்டு. இலைச் சுவரில் தலையை மேலே வைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தை இருந்தால் பழமொழியைத் திருத்தச் சொல்லியிருப்பேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்துவிடு. ஃபேனுக்கு அடியில் உனக்குத்தான் இடம். நான் கத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் சண்முகம்