மூன்றாம் பாகம் கையில் கிடைத்தவர்கள் சார்பாக

தமிழில் காமிக்ஸ் தொடர்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு பழைய வாசகன் எழுதுவது. வணக்கம்.

எனக்கு இங்கே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. மூலையில் ஒரு மரத்தட்டு, அதில் நாற்பது ஐம்பது காமிக்ஸ். வாடகை கிடையாது. உட்கார்ந்து படிக்கலாம், சொல்லிவிட்டு வீட்டுக்கும் எடுத்துப்போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளோடு பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். பகலில் கிழிந்த வலையைச் சரிபார்த்துவிட்டு வருகிற பையன்களும், வீட்டில் இருப்புக் கொள்ளாத பிள்ளைகளுமாக என் தட்டுக்கு அப்போதுதான் சீசன்.

போன தடைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். ஏழாம் வகுப்பு, அப்பா விசைப்படகில் போகிறவர். தட்டிலேயே பளபளப்பாக இருந்த வண்ணப் புத்தகத்தை எடுத்தாள். அட்டையில் பனி, ஒரு குதிரை, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட ஆள். திறந்தால் முதல் கட்டத்திலேயே அந்த ஆள் யாரையோ புதைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கட்டத்தில் ஒரு பெண் அழுகிறாள். நாலாவது கட்டத்தில், அன்றைக்குக் கோட்டையில் நடந்ததை மறக்கமாட்டேன் என்கிறார். எந்தக் கோட்டை? என்றைக்கு?

"மாமா, கண்ணுல கட்டுப் போட்ட இந்த ஆளு நல்லவரா, கெட்டவரா?"

எனக்கும் தெரியவில்லை. அது ஐந்து பாகக் கதையின் மூன்றாம் பாகம். அட்டையில் 3 என்று எங்கேயும் இல்லை. வாங்கி வந்து, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாங்கியது ஒரு புத்தகக் கண்காட்சியில். முதல் இரண்டு பாகம் இருக்கிறதா என்று மறுநாள் போய்க் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ தீந்துபோச்சுண்ணே, சந்தாக்காரங்களுக்கே பத்தல" என்றார் ஸ்டாலில் நின்ற தம்பி. அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பிள்ளை எட்டுப் பக்கம் படம் மட்டும் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்படிப் போகிறவர்களை உங்கள் விற்பனைக் கணக்கில் பார்க்க முடியாது. வாங்கினால்தானே கணக்கு.

நானெல்லாம் எப்படி உள்ளே வந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. நான் அதைக் கையில் எடுத்தது பல வருஷம் கழித்து, அட்டை போன ஒரு புத்தகத்தில். ஆனாலும் ஒரு பக்கத்தில் ஆள் யாரென்று புரிந்துவிட்டது: மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். அவ்வளவுதான், கதைக்குள் போய்விடலாம். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணியில் முகமூடி வீரர் மாயாவி, ஆங்கிலத்தில் ஃபாண்டம், இவர் வேறு மாயாவி. லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய பாத்திரம். அதன் ஆங்கில மூலத்தில், 'தாமதமாக வந்தவர்களுக்கு' என்கிற மாதிரி ஒரு வரியோடு நாலைந்து கட்டம் அடிக்கடி வரும். கடற்கொள்ளையர் கப்பலைத் தாக்குகிறார்கள், ஒருவன் மட்டும் கரை ஒதுங்குகிறான், மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான், அவன் வம்சத்தில் இவர் இருபத்தொன்றாவது ஆள். அரைப் பக்கம்கூட ஆகாது. (கரை ஒதுங்கினவன் கதைக்கு எங்கள் பக்கம் அந்த அரைப் பக்கமும் அதிகம்.)

கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லருக்கு இந்தச் சிக்கலே இல்லை. 1948 முதல் இத்தாலியில் ஓடுகிற தொடர். டெக்ஸ், கார்சன், மகன் கிட், டைகர் ஜாக் என்று நாலு பேரைத் தெரிந்தால் போதும், அநேகமாக எந்தப் புத்தகத்தையும் முதல் புத்தகமாக எடுக்கலாம். என் தட்டில் முதலில் கிழிவதும் அவர்தான். சிக்கல் இப்போது அதிகம் வருகிற பாகம் பாகமான ஆல்பங்களில். அவை வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நீண்ட கதையின் ருசி தனி. அதைச் சுருக்கித் தனித்தனிக் கதையாக்கிக் கொடுங்கள் என்று கேட்டால் என் கூட்டமே என்னை அடிக்கும்.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் மருந்தில்லை. அமெரிக்காவில் டிசி காமிக்ஸ் நிறுவனம் 2011இல் 52 தொடர்களை முதல் இதழ் என்று எண்ணிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. ஐந்தே வருஷத்தில், 2016இல், இன்னொரு புதுத் தொடக்கம். ஒரே நாயகன் பெயரில் இத்தனை முதல் இதழ் இருந்தால், எது நிஜமான முதல் இதழ் என்று கேட்க வேறொரு ஆளைத் தேட வேண்டும். ஆஸ்டெரிக்ஸைப் பாருங்கள். 1959இல் தொடங்கிய பிரெஞ்சு காமிக்ஸ் தொடர். ஆல்பத்தைத் திறந்ததும் ஒரு வரைபடம், நாயகனின் சின்னக் கிராமத்தின் மேல் ஓர் உருப்பெருக்கி, கி.மு. 50 என்று இரண்டு வரி, பிறகு முக்கியமான ஆட்களின் படமும் பெயரும். எத்தனையாவது ஆல்பத்தை எடுத்தாலும் வாசல் அதேதான். ஜப்பானிய காமிக்ஸ் தொடர் ஒன் பீஸ் 1997இல் தொடங்கி நூறு தொகுதிக்கு மேல் போய்விட்டது. அதிலும் முன்பக்கங்களில் முகங்களும் இதுவரை நடந்ததும் இருக்கும், புத்தக முதுகில் கொட்டை எண் இருக்கும்.

இதற்கு ஜப்பான் வரை போவானேன்? வார இதழ்த் தொடர்கதை படித்த வீடுகளில் 'முன்கதைச் சுருக்கம்' என்ற இரண்டு வார்த்தை தெரியாதவர் உண்டா? நடுவில் நாலு வாரம் விட்டுப்போனாலும் அந்தப் பெட்டியைப் படித்துவிட்டு என் அம்மா கதையைப் பிடித்துக்கொள்வார். காமிக்ஸுக்கு வரும்போது அதை எந்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டோம்?

சில புத்தகங்களில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 'விதி விரித்த வலையில் வீழ்ந்த வேங்கை விழித்தெழுமா?' என்கிற பாணியில். அது முன்கதை இல்லை, மைக்செட் அறிவிப்பு. இவர் யார், எதைத் தேடிப் போகிறார், யார் குறுக்கே நிற்கிறார்கள், போன பாகக் கடைசியில் யார் செத்தார் என்று பத்து வரி போதும். கூடவே தபால்தலை அளவில் ஐந்தாறு முகம், கீழே பெயர். கௌபாய் கதைகளில் எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே மீசை. எங்களுக்கே குழம்புகிறது.

அச்சில் ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், நினைத்தபடி ஒரு பக்கத்தைக் கூட்ட முடியாது என்பீர்கள். சரி. அட்டையின் உள்பக்கம் இருக்கிறதே? அதில் பெரும்பாலும் அடுத்த வெளியீட்டின் விளம்பரம். முந்தினது தெரியாதவனுக்கு அடுத்தது எதற்கு?

பாக எண்ணை அட்டையிலும் முதுகிலும் பெரிதாகப் போடுங்கள். மூன்று என்று பார்த்தால் புது ஆள் வாங்கமாட்டான் என்ற பயம் எனக்குப் புரிகிறது. தெரியாமல் வாங்கினவன் மறுபடி வரமாட்டான், அதையும் சேர்த்து யோசியுங்கள். அப்புறம் முதல் பாகம். உரிமை ஒப்பந்தம், தாள் விலை, கிடங்கில் தேங்குகிற பிரதி என்று உங்களுக்கு ஆயிரம் தலைவலி இருக்கும். ஒரு தொடர் ஓடுகிற வரைக்கும் அதன் முதல் பாகம் மட்டுமாவது, சாதாரணத் தாளில், முடிந்தால் கறுப்பு வெள்ளையில், கடையில் கிடைக்க வழி பாருங்கள். கிடைக்காத புத்தகம் எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்குத்தான் கௌரவம்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. வாசகர் கடிதப் பகுதியைப் பாருங்கள். அந்தக் காலத்து அட்டை, அந்தக் காலத்து விலை, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தது, இதுதான் திரும்பத் திரும்ப. நானும் எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைக்கு அது அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பம். இங்கே கரைவலை இழுக்கும்போது பாதி இழுவையில் ஒருவன் வந்து சேருவான். ஏன் முதலிலேயே வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். "இங்க பிடி" என்று கயிற்றில் இடம் காட்டுவார்கள், அவன் பிடித்துக்கொள்வான். எங்கள் தலையெல்லாம் நரைத்துவிட்டது, கயிற்றில் இடம் நிறையவே இருக்கிறது.

அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. பரமக்குடியில் ஒரு நண்பரிடம் முதல் இரண்டு பாகங்களை இரவல் வாங்கிப் படித்தேன். (தரும்போது மூன்று தரம் எச்சரித்தார்.) முன்கதையை ஒரு முழுத்தாளில் எழுதி, கடை மெஷினிலேயே சின்னதாக்கி, உள் அட்டையில் ஒட்டினேன். ரெண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை தம்பியின் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது காட்டினேன். நின்றபடியே படித்தாள். "அப்ப நல்லவருதான்" என்று சொல்லிவிட்டு எடுத்துப்போனாள்.

இப்போது நாலாவது பாகம் கேட்கிறாள். தட்டில் இப்படி ஒட்ட வேண்டிய புத்தகம் இன்னும் பதினொன்று இருக்கிறது. அதில் நாலுக்கு முன்கதை எனக்கே தெரியாது. எழுதி அனுப்பினால் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் ஜெராக்ஸ் கடைக்காரன்