உன் இடது பாதம் 4 மில்லிமீட்டர் கூடுதல் நீளம்

அல்சூர்,
பெங்களூர்.

அன்புள்ள கவிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அம்மா பக்கத்தில் நின்று சளி விட்டதா, சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் உனக்கு வேலை வந்துவிட்டது. போனில் சொன்னால் கடைக்குப் போகும்போது பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இதைக் கையோடு எடுத்துக்கொண்டு போ.

பனிச்சறுக்கு பூட்ஸ், லிஃப்ட்டில் ஏறிச் சறுக்க ஒரு ஜோடி, டூரிங்குக்கு, அதாவது சொந்தக் காலால் மலையேறிச் சறுக்க, ஒரு ஜோடி என்று இரண்டு வாங்கவா, ஒன்றே போதுமா என்று கேட்டாய். ஒன்றே போதும். போன சீசனில் 14 நாள் லிஃப்ட், 6 நாள் டூரிங் என்று நீயே கணக்குச் சொன்னாய். அந்த 6 நாளுக்காக ஒற்றைப் பூட் ஒரு கிலோ எடையுள்ள மெல்லிய டூரிங் பூட்ஸை வாங்கினால், மீதி 14 நாளும் கெட்டியான பனியில் கால் உதறும். இரண்டு கிலோவுக்கு மேல் போகும் லிஃப்ட் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆயிரம் மீட்டர் ஏறுவதும் உன் முட்டிக்கு நல்லதில்லை. ஒரு எட்டுக்கு 20 சென்டிமீட்டர் உயர்ந்தால்கூட அது 5,000 எட்டு. ஸ்கீயைத் தூக்காமல் இழுத்துத்தான் நடக்கிறாய் என்றாலும், காலில் இருக்கும் ஒவ்வொரு அரைக் கிலோவையும் அத்தனை முறை நகர்த்தியாக வேண்டும். நடுவில் ஒரு வகை இருக்கிறது: ஒன்றரை கிலோவுக்கு மேல், இரண்டுக்குக் கீழே, பின்பக்கம் நடப்பதற்கான லீவர், முன்பக்கம் முள் பைண்டிங்குக்கான (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் கொக்கிதான் பைண்டிங்) உலோகக் குழி. டெக்னிக்கா கொச்சீஸ், லாங்கே எக்ஸ்டி மாதிரியானவை. நீ அனுப்பிய மூன்றில் இரண்டு இந்த வகைதான். மூன்றாவதை விட்டுவிடு.

நான் பனியில் ஒருநாள்கூடச் சறுக்கியதில்லை. ஆனால் போன பிப்ரவரியில் ஆஸ்திரியாவுக்கு, உன் இன்ஸ்ப்ரூக் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் வாடகை பூட்ஸை சமையலறை மேசையில் வைத்து உள்மெத்தையான லைனரை உருவிப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முப்பத்திரண்டு வருடம் நான் செய்த வேலைதான் அது. கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தை, நடுவில் ஒரு உயிருள்ள கால். நான் போலியோ பிள்ளைகளுக்குக் காலைத் தாங்கும் கேலிப்பர் செய்தேன். பூட்ஸ் கம்பெனிக்காரர்கள் சறுக்குகிறவர்களுக்குச் செய்கிறார்கள். எலும்பு துருத்தும் இடங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அந்த வாடகை பூட்ஸ் உனக்கு ஒரு அளவு பெரிது. ஷெல்லுக்குள், அதாவது அந்த ஓட்டுக்குள், உன் வெறுங்காலை வைத்து, விரல் நுனி முன்னால் தொடும்படி நிற்கச் சொன்னேன். குதிகாலுக்குப் பின்னால் என் மூன்று விரல் போயிற்று. அதனால்தான் குதிகால் மேலே எழும்பி, நீ இறங்கும்போது முன்னால் இடித்து, பெருவிரல் நகம் கறுத்தது. இறுக்கமாக இருந்ததால் நகம் போச்சு என்று நீ நினைத்தாய். தளர்வாக இருந்ததால் போனது.

கடையில் முதல் வேலை இந்த விரல் கணக்குதான். லைனர் இல்லாத ஷெல்லில் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் இடம், அதாவது ஒரு விரலுக்கு மேல், இரண்டு விரலுக்குள். அளவு எண் சென்டிமீட்டரில்தான் இருக்கும். உன் வலது கால் 242 மில்லிமீட்டர், இடது 246. 24-க்கும் 24.5-க்கும் பெரும்பாலும் ஷெல் ஒன்றேதான், அதனால் அந்த அரைக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. சின்னக் காலுக்குப் பிடிக்கிற ஷெல்லை எடு. இடது பூட்ஸின் முனையை மட்டும் சூடு காட்டித் தள்ளித் தரச் சொல். பெரிய காலுக்கு வாங்கி, சின்னக் காலுக்குப் பஞ்சு அடைத்தால் ஒரு மாதத்தில் பஞ்சு அமுங்கிவிடும்.

இங்கேதான் பிளாஸ்டிக் முக்கியம். பாலியூரித்தேன் ஷெல் கொஞ்சம் கனம், ஆனால் சூட்டுக்கு இணங்கும், தள்ளின இடத்தில் நிற்கும். கிரிலமிட் என்று சொல்லும் நைலான் லேசு, ஆனால் பிடிவாதம். வேலை தெரிந்த கை வேண்டும். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் உன்னுடையது; சுண்டுவிரல் பக்கம் பரந்து கிடக்கும். அங்கே கண்டிப்பாக ஒரு தள்ளல் தேவைப்படும். அதனால் 150 கிராம் கூடினாலும் பாலியூரித்தேனே எடு. பெட்டியில் அகலம் 100 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அது 26.5 அளவுக்குச் சொல்வது. உன் அளவில் அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும்.

பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் ஃபிளெக்ஸ் எண்ணை நம்பி வாங்காதே. ஒரு கம்பெனியின் 110 இன்னொருவரின் 100-ஆக இருக்கலாம், எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. தவிர, கடைக்குள் 20 டிகிரி வெப்பத்தில் மெதுவாக வளைகிற பிளாஸ்டிக் மைனஸ் பத்தில் விறைத்துக்கொள்ளும். 115 வாங்கியதாகத் தோழிகளிடம் சொல்ல நன்றாக இருக்கும். முட்டி வளையாமல் பின்னால் சாய்ந்து சறுக்கினால் தொடைதான் எரியும். உன் எடைக்கு 100 பக்கம் பார்.

குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைக்கலாமா என்று கேட்பார்கள். கணுக்கால் மடங்காதவர்களுக்கு அது நல்லது. நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் முட்டி விரல் நுனியைத் தாண்டிப் போகும். உனக்கு வேண்டாம்.

ஒன்றை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. தொண்ணூறுகளில் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார்கள், ஏழு வயது. கேலிப்பரை மாட்டிவிட்டு "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். மூன்று வாரம் கழித்து வந்தபோது கணுக்கால் எலும்பின் மேல் காசளவு புண். வலிக்கத்தான் செய்யும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தப்பு என்னுடையது, கேள்வியைத் தப்பாகக் கேட்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் வலிக்கிறதா என்று கேட்டதில்லை. "எங்கே தொடுது, விரல் வச்சுக் காட்டு" என்றுதான் கேட்பேன்.

நீயும் தலையாட்டுகிற பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் புது ஷூ கடித்து ஒரு வாரம் சொல்லாமல் பள்ளிக்கூடம் போனவள். அந்தக் கடைக்காரர் ஜெர்மனில் வேகமாகப் பேசுவார், பின்னால் ஆள் நிற்கும். அவசரப்படாதே. இரண்டு காலிலும் பக்கிள் போட்டு 20 நிமிடம் நில். நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்னால் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் விட்டு விலக வேண்டும். பாதம் முழுக்கச் சமமாகப் பிடித்தால் அது இறுக்கம். லைனர் இளகினால் சரியாகும். ஒரு புள்ளியில் மட்டும் சுடுகிற மாதிரி இருந்தால் அது தானாகச் சரியாகாது. அந்தப் புள்ளியை விரல் வைத்துக் காட்டு. பிறகு லீவரை நடக்கும் நிலைக்கு மாற்றிவிட்டு மாடிப்படி ஏறிப் பார், குதிகால் எழும்புகிறதா என்று. ஏறும்போது எழும்புகிற குதிகால்தான் மலையில் கொப்புளமாகும். மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும், பருத்தி கூடாது.

அப்புறம் அடிப்பகுதி. கிரிப்வாக் என்று எழுதிய, நடக்க வசதியாகச் சற்றே வளைந்த அடி வாங்கு. முழுக்க வளைந்த டூரிங் அடி உன் லிஃப்ட் ஸ்கீயின் பைண்டிங்கில் சரியாக உட்காராது. விழும்போது விடுபடாமல் காலைத் திருகிவிடும். உன் பைண்டிங்கிலும் கிரிப்வாக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ, பழையதாக இருந்தால் தட்டை அடியை மட்டுமே ஏற்கும். பூட்ஸ் மாறினால் அடியின் நீளம் மாறும், ஆகவே இரண்டு ஜோடி ஸ்கீயிலும் பைண்டிங்கைப் புதிதாகச் சரிசெய்து, விடுபடும் அளவைச் சோதித்துத் தரச் சொல். இதை நீயே ஸ்க்ரூடிரைவரால் செய்யாதே. அந்த இரண்டு முள் பைண்டிங்கை 1980களில் கண்டுபிடித்த ஃப்ரிட்ஸ் பார்டெல் உங்கள் இன்ஸ்ப்ரூக் இருக்கும் டிரோல் மாநிலத்துக்காரர்தான் என்று படித்தேன். கனமான சாமானைத் தூக்கிக்கொண்டு மான் பிளாங்க் சிகரம் ஏறிய அலுப்பில் பிறந்த யோசனையாம். எவ்வளவு சின்ன இரும்பு, எவ்வளவு நல்ல வேலை.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. இரண்டாவது ஜோடிக்கு எடுத்து வைத்ததில் ஒரு பகுதியை கால் வார்ப்பு எடுத்துச் செய்யும் இன்சோலுக்குக் கொடு. கடையில் வருகிற இன்சோல் வெறும் அட்டை.

முதல் நாலைந்து நாள் லிஃப்ட்டில் மட்டும் போட்டுப் பழகு. சுடுகிற இடம் தெரிந்தால் மறுபடி கடைக்குப் போ. திரும்ப வருகிறவரைப் பார்த்து முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் அங்கே வாங்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் இரண்டு காலின் தடத்தையும் எனக்கு வரைந்து அனுப்பு. என்னிடம் இருப்பது நீ கல்லூரி முடித்தபோது எடுத்தது. சாயங்கால நேரத்தில் வரைய வேண்டும், காலையில் பாதம் சுருங்கியிருக்கும். உட்காராமல், இரண்டு காலிலும் எடை சமமாக வைத்து நின்றுகொண்டு, யாரையாவது வரையச் சொல். பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல். உள்பக்கம் சாய்ந்தால் 3 மில்லிமீட்டர் போய்விடும்.

அன்புடன்,
அப்பா