பொதிகையின் அந்தப் பக்கம்

அன்புள்ள மக்கா,

போன வாரம் போனில் "யானை பார்த்தியா?" என்று கேட்டாய். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போனில் சொல்லித் தீர்க்கிற விஷயமாக அது தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வாத்தியார், கல்லிடைக்காரன், நான், மூன்று பேருக்குமே உன்னை விட்டுவிட்டுப் போனது உறுத்தல்தான். பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் பொதிகை மலையைக் காட்டி, "ஒருநாள் உச்சிக்குப் போயிரணும்லே" என்று முதலில் சொன்னவன் நீ. முப்பது வருஷம் கழித்து நாள் கூடி வந்தபோது உனக்கு முட்டில் ஆபரேஷன். வாத்தியார் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

நாம் கிழக்கிலிருந்து பார்த்தே வளர்ந்த மலைக்கு மேற்கிலிருந்துதான் போனோம். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் போணக்காடு. பழைய தேயிலைத் தோட்டம் அது. அங்கிருந்து அதிருமலை முகாமுக்கு முதல் நாள் சுமார் 15 கிலோமீட்டர் நடை. கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போகிற வரைக்கும் நல்ல நிழல். அப்புறம் புல்வெளி, தலைக்கு மேல் வெயில். அதையும் கடந்தால் ஏழுமடக்கன் தேரி, அதற்கு மேல் முட்டிடிச்சான் தேரி. நம்மூரில் தேரி என்றால் செம்மணல் மேடு, இங்கே செங்குத்தான ஏற்றம். ஏறும்போது நம் முட்டே நெஞ்சில் வந்து இடிக்கும், அதனால் அந்தப் பெயர்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு காணிக்கார அண்ணன், இந்த மலையின் பழங்குடி, ஐம்பது வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. கல்லிடைக்காரன் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவர் வேர்க்காமல் நின்றார். வாத்தியார் மெல்ல ஆரோக்கியப் பச்சையைப் பற்றிக் கேட்டார். 1987-இல் இந்தக் காட்டுக்குள் வந்த ஆராய்ச்சியாளர்கள், கூட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுவிட்டுச் சோர்வில்லாமல் நடப்பதைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்ட செடி அது. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்காவில் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்து, வந்த பணத்தில் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அண்ணன் சிரித்தாரே தவிரச் செடியைக் காட்டவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கேட்டவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செடி மிஞ்சாது.

இராத்திரி அதிருமலையில் கஞ்சியும் பயறும். முகாமைச் சுற்றி யானை வராமல் அகழி வெட்டியிருக்கிறார்கள். குளிர் எலும்பு வரை இறங்கியது.

மறுநாள் காலை உச்சிக்குப் புறப்பட்டோம். ஈற்றைக்காட்டுக்குள் வழி. ஈற்றை என்றால் முள்ளில்லாத மெல்லிய மூங்கில், இரண்டு ஆள் உயரத்துக்கு நெருக்கமாக நிற்கும். அரைமணி நேரம் நடந்திருப்போம். அண்ணன் கையைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் வந்தது வாசம், மாட்டுத்தொழுவ வாசத்தை நாலு மடங்கு கூட்டினாற்போல. பிறகு ஈற்றை முறிகிற சத்தம், படக், படக் என்று. அண்ணன் கீழே குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். காற்று அங்கிருந்து எங்கள் பக்கம் வீசியது. ஒரு பாறைக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார்.

"முறிக்கிற சத்தம் கேட்டா நல்லது, தின்னுக்கிட்டு இருக்கு. சத்தம் நின்னாத்தான் பார்க்கணும்" என்றார் காதோடு.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

மக்கா, அந்த அமைதியைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். ஒரு இலை அசையவில்லை. ஓர் உறுமல் எழுந்தது, காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்ததுதான் அதிகம். ஈற்றைக்கு மேலே தும்பிக்கை ஒன்று உயர்ந்து, நுனி வளைந்து, எங்கள் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாத்தியார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிறகு தும்பிக்கை இறங்கியது. படக் என்று மறுபடி ஈற்றை முறிந்தது. அண்ணன் மூச்சு விட்ட பிறகுதான் நாங்களும் விட்டோம்.

பெண் யானை ஒன்று வழியைக் கடந்தது. அதன் வயிற்றுக்கடியில் குட்டி. குட்டியின் முதுகில் முடி சிலிர்த்து நின்றது. நாங்கள் எழப் போனோம், அண்ணன் தோளை அழுத்தினார். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது. முதலில் போனவற்றின் பின்னாலேயே நாங்கள் நடந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருப்போம். எல்லாமாக நாற்பது நிமிஷம். அவை போன ஈரத்தடத்தில் ஊற்று நீர் மெதுவாக ஊறி நிறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொங்கலப்பாறையில் கொஞ்சம் இருந்தோம். கயிற்றைப் பிடித்து ஏறுகிற பாறைகள் கடைசியில் இருக்கின்றன, உன் முட்டோடு அது யோசிக்க வேண்டிய இடம். எதிர்ச் சரிவில் வரையாடு இரண்டு, நடக்கவே இடமில்லாத பாறையில் நிதானமாக மேய்ந்தன. உச்சி 1,868 மீட்டர். அகத்தியர் சிலைக்குப் பக்கத்தில் மூடுபனிதான். கிழக்கே ஒரு நிமிஷம் விலகியது, கீழே காரையாறு அணைத் தண்ணீர் மின்னியது. நாம் குளித்து வளர்ந்த தண்ணீர், மக்கா. மூன்று பேரும் ஒரே நேரத்தில் உன் பெயரைச் சொன்னோம்.

இறங்கும்போது அண்ணனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஆபரேஷன் ஆகி எத்தனை மாசம், கோல் ஊன்றாமல் நடக்கிறாரா என்று விசாரித்தார். "மெல்ல வரட்டும். உச்சி வரை ஏறணும்னு இல்ல, அதிருமலை வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

வனத்துறை பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் விடுகிறது. அதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுது. வாத்தியார் மறுபடியும் வரத் தயார், கல்லிடைக்காரனும் தயார். நான் சொல்லவே வேண்டாம்.

உன்,
ஆற்றங்கரைத் தெருக்காரன்