முதுகில் போடும் ஊசி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. குழந்தை இன்னும் திரும்பவில்லை, சிசேரியனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், மகள் கத்தியைவிட, மரத்துப்போவதற்காக முதுகில் போடும் ஊசிக்குத்தான் பயப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். 18 வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் அந்த ஊசிக்கு முன்னால் நின்று தாய்மாரைப் பிடித்துக்கொள்கிறவள் நான். இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

டேபிளில் குறுக்காக உட்காரவைத்து, காலை ஸ்டூலில் ஊன்றச் சொல்வோம். தோளைத் தளரவிட்டு, மோவாயை நெஞ்சோடு சேர்த்து, தலையணையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதுகு வில்லாக வளைந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே வழி விரியும். டாக்டர் இடுப்பெலும்பின் உச்சியைத் தொட்டுப் பார்த்துத்தான் இடம் குறிப்பார். தண்டுவடம் பெரும்பாலும் அதற்கு மேலேயே முடிந்துவிடும், ஊசி அதில் படாமலிருக்கத்தான் அந்த இடம்.

போன மாதம் ஒரு பெண், தலைப்பிரசவம், வலி எடுத்தபிறகு வந்தாள். ஆளாளுக்கு "அசையாதே, அசையாதே" என்றதில் மரக்கட்டையாக விறைத்துவிட்டாள். இரண்டு முறை ஊசி எலும்பில் முட்டியது. டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். நான் அவள் நெற்றியை என் தோளில் சாய்த்து, "டாக்டர் விரல் வைக்கிறார் பார், உன் முதுகால் அந்த விரலைத் தள்ளு" என்றேன். முதுகு தானாக வளைந்தது. அதற்குள் ஒரு வலி வந்தது, அது அடங்கும்வரை காத்திருந்தோம். அடுத்த முறை ஊசி சரியாக இறங்கியது. "சிஸ்டர், கால் சூடாகுது" என்றாள். என் தோள் அவள் வியர்வையில் வட்டமாக நனைந்திருந்தது. அன்றிலிருந்து நான் யாரிடமும் "அசையாதே" என்று தொடங்குவதில்லை.

உட்கார முடியாதவர்களுக்கு ஒருக்களித்துப் படுக்கவைத்தும் போடுவார்கள். உட்காரவைத்துப் போட்டால், போட்டதும் சீக்கிரம் படுக்கவைத்துவிடுவோம். அந்த மருந்து தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரைவிடக் கனம். உட்கார்ந்தே இருந்தால் கீழேயே தங்கிவிடும், வயிறு மரத்துப்போகாது. அப்புறம் வலது இடுப்புக்குக் கீழே ஒரு மடிப்புத் துணி வைப்போம். மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், பிபி இறங்கும். குமட்டினாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்லச் சொல், அதற்கு மருந்து கையிலேயே இருக்கும்.

சம்பந்தியம்மா சொன்னதாக எழுதியிருந்தாயே, ஆயுசுக்கும் முதுகுவலி என்று. குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். நீண்டநாள் முதுகுவலி ஊசியால் வருவதில்லை. சுமந்த உடம்பு, குனிந்தபடி பால் கொடுப்பது, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வலிக்கிறது. பழி ஊசிக்குப் போகிறது. எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் மட்டும் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்று ராத்திரியே கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, நீ அவள் முதுகில் விரல் வைத்து, அதை முதுகால் தள்ளிப் பழகச் சொல். நாலு தடவை போதும்.

எனக்கு அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு இருக்கிறது. பேரனோ பேத்தியோ, எடை எவ்வளவு என்று எழுது, வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி