ஹஜ்ரத், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுங்கள்

எங்கள் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் என் மகள் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மதரசாவில் ஓதிவிட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். என்னடி என்றேன். "ஹஜ்ரத் ஏசிட்டாஹ உம்மா." அவள் கேட்டது இதுதான்: எல்லாம் அல்லாஹ் எழுதிவைத்தபடிதான் நடக்கும் என்றால், நான் தொழாமல் இருந்தால் அது யார் தப்பு? மேசையில் பிரம்பால் ஒரு தட்டு, "இதெல்லாம் வஸ்வாஸ், ஷைத்தான் கேட்க வைக்கிறான், சபக்கைப் பாரு" என்று பாடத்தைக் காட்டி ஒரு அதட்டல், அவ்வளவுதான் பதில்.

அவள் அதை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வரவில்லை. நீங்கள் மனப்பாடம் செய்யச் சொன்ன 'ஆமன்து பில்லாஹி' என்ற நம்பிக்கை உறுதிமொழியில் கடைசிப் பக்கமாக வருமே, 'வல்கத்ரி கைரிஹி வஷர்ரிஹி', நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் விதிப்படியே என்று, அதற்குப் பொருள் தெரிந்ததும் கேட்டிருக்கிறாள். பொருள் தெரியாமலே ஒப்பித்திருந்தால் ஏச்சு விழுந்திருக்காது!

இத்தனைக்கும் அதில் வரும் ஆறு நம்பிக்கைகளே ஒரு கேள்விக்குப் பதிலாக வந்தவைதாம். வெள்ளை உடுப்போடு வந்து, நாயகத்தின் (ஸல்) முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்து, இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் (நம்பிக்கை) என்றால் என்ன, இஹ்ஸான் (அழகிய வணக்கம்) என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டது வானவர் ஜிப்ரீல் (அலை) என்று நீங்களே பயானில் சொல்லியிருக்கிறீர்கள். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய், எனக்குக் காட்டு என்று இப்ராஹீம் நபி ரப்பாகிய அல்லாஹ்விடமே கேட்டார்கள். நீ நம்பவில்லையா என்று வந்தபோது, நம்புகிறேன், என் மனம் அமைதியாகத்தான் கேட்கிறேன் என்றார்கள். குர்ஆனின் பகரா சூராவில் இருக்கிறது. நபிக்கு ஆகும் கேள்வி பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு ஆகாதா?

அவளுக்குச் சொல்லக் கதையும் இருந்தது. கலீஃபா உமர் (ரலி) ஷாம் (சிரியா) நாட்டுக்குப் போகிறார்கள், ஸர்க் என்ற இடத்தில் முன்னே கொள்ளைநோய் என்று தெரிந்து திரும்ப முடிவெடுக்கிறார்கள், படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியை விட்டு அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்கிறார்கள் உமர். ஓர் ஓடையின் ஒரு கரை பசுமை, மறுகரை வறட்சி, உன் ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதானே என்றும் கேட்கிறார்கள். கரையைத் தேர்ந்தெடுப்பது மேய்ப்பவன் பொறுப்பு. இதை நான் அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "அப்போ அல்லாஹ்வுக்கு நான் எந்தக் கரைன்னு முன்னாடியே தெரியுமே" என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்.

பள்ளிக்கூடத்தில் வேறு விதமாக வருகிறது. கஅபா என்ற கல்லைத்தானே கும்பிடுறீங்க என்று கேட்கிறார்கள். நாயகம் மதீனாவுக்கு ஹிஜ்ரத் போன பிறகு பதினாறு பதினேழு மாதம் ஜெருசலத்தின் பைத்துல் முகத்தஸை நோக்கித்தான் தொழுதார்கள், அது திசைதான், சாமியில்லை என்று சொல்ல இவளுக்குத் தெரியவில்லை. மக்கா வெற்றியன்று நாயகத்தின் தோழர் பிலால் (ரலி) அந்தக் கஅபாவின் மேலேயே ஏறி பாங்கு சொன்னார்கள், கும்பிடுகிற பொருள்மேல் யாராவது ஏறி நிற்பார்களா? இவளுடைய கிறிஸ்தவத் தோழிக்கு, குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஒரு சூரா இருப்பது பெரிய ஆச்சரியம். அந்த ஒன்றையாவது சொல்லிவிட்டு வந்தாள்.

நம் தமிழில் முழுதாகக் கிடைத்த இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையது எது தெரியுமா? 1572-இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிரம் மசலா'. மசலா என்றால் கேள்வி. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர் கேட்கக் கேட்க நாயகம் பதில் சொல்வதாக வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. கேள்வி நமக்குப் புதுசில்லை.

ஹஜ்ரத்தை மட்டும் குறை சொல்லவும் மனசில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே ஆளிடம் விட்டுவிட்டு, கொடுக்கிற சம்பளத்தையும் இழுத்தடித்தால் அவர் பிரம்பைத்தான் எடுப்பார். நிர்வாகிகளே, மினாராவுக்கு வருஷா வருஷம் சீரியல் பல்பு போடுகிறீர்கள், இன்னொரு ஆலிமுக்கும் காசு வரும். இங்கே பதில் கிடைக்காத பிள்ளை செல்போனில் தேடுகிறது, அங்கே திட்டுகிறவனும் இருக்கிறான், திரிக்கிறவனும் இருக்கிறான்.

வியாழக்கிழமை ஓதல் முடிந்ததும் அரைமணி நேரம், பிரம்பை உள்ளே வைத்துவிட்டு, கேள்விக்கென்றே ஒதுக்குங்கள். பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பெரிய சட்ட அறிஞர் இமாம் மாலிக் எத்தனையோ கேள்விகளுக்கு அப்படித்தான் சொன்னார்கள், அவர்கள் மதிப்புக் குறையவில்லை.

என் மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள், முதலாவது அந்தக் கரை பற்றியது. வரும் வியாழன் நோட்டோடு அனுப்புகிறேன்.

வஸ்ஸலாம்,
மதரசாவுக்குப் பிள்ளை அனுப்பும் ஓர் உம்மா