படத்தில் அம்மாவைக் காணோம்

அன்புள்ள வசந்தி,

நலமா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, சின்னவன் வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்முடைய பச்சிளங்குழந்தை யூனிட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். சிரிக்காதே, இந்தத் தடவை நிஜம். பணம் ஒதுக்கியாயிற்று, வரைபடமும் வந்துவிட்டது. "சிஸ்டர், நீங்களும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்" என்று என்னிடம் நீட்டினார்கள். குழந்தையைக் கதகதப்பாக வைக்கிற வார்மர், வென்டிலேட்டர், ஆக்சிஜன் பாயின்ட் எல்லாம் இம்மி பிசகாமல் குறித்திருக்கிறது. அம்மாவை மட்டும் காணோம். தேடிப் பார்த்தால் நடைபாதைக் கோடியில் 'பார்வையாளர் காத்திருக்கும் இடம்' என்று ஒரு கட்டம். பெற்றவள் பார்வையாளராம்!

கூட்டத்தில் வாயைத் திறந்தேன். உன் அருமைக் கணக்குப்பிள்ளை இருக்கிறாரே (இன்னும் அதே மூக்குக்கண்ணாடி), "ஒவ்வொரு குழந்தை பக்கத்திலும் அம்மாவுக்குக் கட்டில் போட்டால் படுக்கை எண்ணிக்கை குறையுமே" என்றார். குறையத்தான் செய்யும். ஆனால் 2021இல் வந்த ஆய்வை நீயும் படித்திருப்பாய். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று 5 நாடுகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள். உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த கையோடு நெஞ்சோடு அணைத்து வைத்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7. அம்மாவை உள்ளே தங்க வைக்காமல் அது நடந்திருக்குமா? உலக சுகாதார நிறுவனமும் 2022இல் சொல்லிவிட்டது: முடிந்த அளவு சீக்கிரம் தொடங்கு, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைத்திரு. சிசேரியன் தையலோடு ஒருத்தி 8 மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியுமா என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நம் குட்டி டாக்டர் இன்னொரு துருவம். குடும்பத்துக்கு ஒரு தனி அறை வேண்டும் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் குறையும், பால் கொடுக்க மறைவு கிடைக்கும். ஆனால் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், கணவனுக்குத் தினக்கூலி என்றால் அம்மா எப்படி முழு நேரமும் இருப்பாள்? அவள் வராத நாளில் அந்த அறையில் மானிட்டரும் குழந்தையும்தான். அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தனி அறையில் இருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு வயதில் மொழித்திறன், பொது வார்டில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பேச்சுக்குரல் காதில் விழாததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்புறம் நம் பாடு? நைட் டியூட்டியில் நீ தலையைத் தூக்கிப் பார்த்தாலே மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கோடு நான் ஓடி வருவேனே, நடுவில் சுவர் இருந்தால் யார் யாரைப் பார்ப்பது? நான்கு குடும்பத்துக்கு ஒரு கூடம், நடுவே இடுப்பளவுச் சுவர், இழுத்து மூடத் திரை. என் கட்சி அதுதான்.

வாதம் செய்து அலுத்துப்போய், பழைய ரெக்கார்டு அறையைக் காலி செய்யச் சொல்லி, தரையில் டேப் ஒட்டி, அட்டைப் பெட்டிகளை வார்மர் மாதிரி நிறுத்தி, படத்தில் உள்ளதை நிஜ அளவில் போட்டுப் பார்த்தோம். புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நெஞ்சில் பொம்மையோடு கட்டிலில் படுத்தாள். படுத்தவள் உடனே கண்ணை மூடிக்கொண்டாள். விளக்கு நேராக முகத்துக்கு மேலே! வரைந்தவர்கள் யாரும் அங்கே படுத்துப் பார்க்கவில்லை. பிளக் பாயின்ட் எல்லாம் வார்மருக்குப் பின்னால், அதனால் மானிட்டர் வயரும் டியூபும் அவள் கழுத்தைத் தாண்டி வருகின்றன. கை கழுவும் தொட்டிக்குப் போக கட்டிலைச் சுற்ற வேண்டும். அவசரத்தில் எவள் சுற்றுவாள்? எக்ஸ்ரே மெஷின் திரும்பவே இல்லை. குழந்தையின் தலைமாட்டில் மிதித்தால் திறக்கிற குப்பைத்தொட்டி வேறு. 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1997லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னது, இந்த மூடி விழும் ஒரே சத்தத்தில் போய்விடும். இஞ்சினியர் தம்பி பாவம், கோபப்படாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

நமக்கு என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஸ்டோரோடு ஒட்டி, ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. அங்கேயே டிபன், அங்கேயே உடை மாற்றல், அங்கேயே அழுகை.

வசந்தி, ஒன்றை மட்டும் நான் விடப்போவதில்லை. குழந்தை பிழைக்காது என்பதை நாம் இத்தனை வருஷமாக எங்கே நின்று சொன்னோம்? துணி வண்டிக்குப் பக்கத்தில். போகிறவர் வருகிறவர் பார்க்க, அந்தப் பெண் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்கு ஓர் அறை கேட்டிருக்கிறேன். இரண்டு கதவு வேண்டும். அழுத முகத்தோடு மற்ற அம்மாக்கள் நடுவே அவள் திரும்பி நடக்கக் கூடாது. உட்கார நாற்காலி, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்க இடம். கணக்குப்பிள்ளை இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை.

படத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மாணவிகள் நோட்டைத் திருத்துகிற மாதிரி தயவுதாட்சண்யம் இல்லாமல் திருத்து. முக்கியமாக, இரட்டைக் குழந்தைகளுக்கு எப்படி இடம் ஒதுக்குவது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. அம்மா ஒருத்தி, வார்மர் இரண்டு, அப்பாவும் ஒன்றை நெஞ்சில் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது? மாத முடிவுக்குள் படம் கையெழுத்தாகிவிடும். அதற்கு முன் எழுது.

அன்புடன்,
செல்வி